மீதி ஒன்று

என் வேலை ஓட்டைக்கு வெளியே உட்கார்ந்திருப்பது.
நாற்காலி கம்பெனியுடையது. ஒரு கால் குட்டை.
அட்டைப்பெட்டியைக் கிழித்து முட்டுக்கொடுத்திருக்கிறேன்.

ஜூரோங் தீவில் இருபத்தெட்டு நாள் ஷட்டவுன்.
குழாய்கள் வாயடைத்துக் கிடக்கின்றன.
வால்வு தோறும் சிவப்புப் பூட்டுகள்,
பூட்டின் மேல் பூட்டியவன் படம்,
சாவி அவன் சட்டைப்பையில்.

உள்ளே இறங்குகிறவன் தன் அட்டையைத் தருவான்,
பலகை ஆணியில் மாட்டுவேன்.
பேர், நேரம், காற்று எவ்வளவு.
இருபது புள்ளி ஒன்பது என்றால் இறங்கலாம்.
பத்தொன்பதரைக்குக் கீழே
முதலாளியே வந்தாலும் விடக்கூடாது.
முதலாளி வந்ததில்லை.

சும்மா உட்கார்ந்து சம்பளம் என்பார்கள் லாரியில்.
ஆமாம், சும்மாதான்.
பன்னிரண்டு மணி நேரம் ஓர் ஓட்டையையே பார்ப்பது
எவ்வளவு சும்மா என்று
பார்த்தவனைக் கேட்க வேண்டும்.
மூத்திரம் முட்டினால் மாற்று ஆள் வரணும்,
ஆளைக் கூப்பிட ரேடியோ வேணும்,
ரேடியோவில் பாட்டரி இருக்கணும்.

அன்று ராத்திரி ஒன்பதரைக்கு
எக்ஸ்ரேக்காரர்கள் வந்தார்கள்.
எக்ஸ்ரே என்பது எங்கள் பேச்சு, உள்ளே இருப்பது இரிடியம்.
மிளகளவு உலோகம்,
அதைச் சுமக்க இருபது கிலோ பெட்டி.
ஹஃபீஸ் நெஞ்சில் ஒரு வில்லை குத்தியிருக்கிறான்;
உடம்பு வாங்கிய கதிரை அது எண்ணும்,
மாதம் ஒருமுறை அதன் கணக்கைப் படிப்பார்கள்.
கயிறு கட்டினான். மஞ்சள் விளக்கு சுழன்றது.
"எல்லாம் வெளியேவா?" என்றான்.

பலகையைப் பார்த்தேன்.
ஆணியில் ஓர் அட்டை.

மாயழகு.

"டேக்க மறந்துட்டுப் போயிருப்பான் லா,"
என்றார் சூப்பர்வைசர் கோ.
இருக்கலாம்.
டார்ச் அடித்தேன். பேர் சொல்லிக் கத்தினேன்.
கலன் அவன் பேரை மூன்று தரம்
எனக்கே திருப்பிச் சொன்னது.
உள்ளே ஏழு தட்டு. மூன்றாவதுக்கு மேல் வெளிச்சம் ஏறாது.

ஒரு மணி நேரத் தாமதத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று
கோ ஒரு தொகை சொன்னார்.
எனக்குப் பெருக்கல் வரும்.
பதினோரு வருடச் சம்பளம்.
பேனாவை நீட்டினார்:
வெளியேறிய நேரம் மட்டும் எழுது, போதும்.
பேனா நன்றாகத்தான் இருந்தது.
நான் கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன்.
ஹஃபீஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து,
"நான் காத்திருக்கேன்" என்றான்
யாரையும் பார்க்காமல்.

இரண்டு பேர் மூச்சுக்கருவி மாட்டி இறங்கினார்கள்.
அவர்களுடைய அட்டைகளையும் மாட்டினேன்.
ஒன்று மூன்றாகியது.

நாற்பத்தாறு நிமிடம்.
அதற்குள் துவாஸ் விடுதியிலிருந்து தகவல்:
மேல் கட்டிலில், ஈரத் தலையோடு,
குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான் மாயழகு.
ஏழு மணிக்கு நான் ஒன்றுக்குப் போன நேரம்
ஏறி வந்திருக்கிறான்,
லாரி ஹாரன் அடித்திருக்கிறது,
ஓடிவிட்டான்.
பேருக்கேற்ற ஆள் என்று சிரித்தார்கள்.
கோ சிரிக்கவில்லை. நானும்.

பிறகு எல்லோரும் கயிற்றுக்கு வெளியே நின்றோம்.
சைரன் அலறி ஓய்ந்தது.
அப்புறம் ஒன்றுமே இல்லை:
ஒளியில்லை, சத்தமில்லை, வாசனையில்லை.
ஹஃபீஸ் கையிலிருந்த மீட்டர் மட்டும்
பல்லி மாதிரி விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது.

விடியற்காலை ஃபிலிமை விளக்கில் பிடித்துக் காட்டினான்.
வெல்டிங் கோடு, இரண்டு ஊசிப்புள்ளி.
வேறெதுவும் இல்லை.
ஒரு விரலின் நிழல்கூட.
இதற்கா இவ்வளவு என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

மாயழகுவுக்கு எச்சரிக்கைக் கடிதம், ஐம்பது வெள்ளி பிடித்தம்.
"மானத்த வாங்கிட்டான்" என்றானாம் சாப்பாட்டு வரிசையில்.
என்னிடம் எவனும் எதுவும் சொல்லவில்லை.

இன்று காலை வந்தான்.
முகத்தைப் பார்க்காமல் அட்டையை வீசினான்,
பிடித்துக்கொண்டேன்.
கோபத்துக்கு என் புத்தகத்தில் கட்டம் கிடையாது.

7.42.
இருபது புள்ளி ஒன்பது.
மாயழகு, உள்ளே.