மாதிரி மண்

கந்தப்பளையில்
ஒரு மாதத்து மழை ஒரே இரவில் கொட்டியது.
மேல்மலைக் கான்கள் உடைந்து
தேயிலைத் தூர்கள் வேர் தெரிய நின்றன.
அந்த மண் முழுக்க
ஜெயராணியின் லீக்ஸ் பாத்தியில், முழங்கை ஆழம்.

ஒன்பது இடத்தில் தோண்டி
வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி
அரைக் கிலோவைப் பழைய பால்மாப் பையில் கட்டினாள்.

படிவம் கேட்டது.
சரிவு: நின்றால் வழுக்கும்.
கடைசியாகப் போட்ட டொலமைட்: விலை ஏறுமுன்.
காணி உரிமையாளர்:

பேனாவைக் கடித்தாள்.
போன கிழமை வரை இது துரையின் மண்.
மழை கையெழுத்து வைக்கவில்லை.

முடிவு வந்தது. நாலு தசம் ஆறு.
தேயிலைக்குப் பரவாயில்லை,
லீக்ஸுக்குப் புளிப்பு.

சரி என்று
பாத்தியின் கீழ்விளிம்பில்
மானாப்புல் நடுகிறாள்,
அடுத்த மழையில் இது
மெனிக்காவின் போஞ்சிக்குப் போகுமுன்.