காரணம் எழுத ஒரு வரி

முதுகில் குத்திக்கொள்ளும் துணியில்
‘இவருக்காக ஓட்டுகிறேன்’ என்று அச்சிட்டு
கீழே ஒரு வரி காலியாக விட்டிருந்தார்கள்.
வெஸ்ட்போர்ட் மணிக்கூண்டடி, காலை ஆறே முக்கால்,
மழை என்றும் சொல்லமுடியாத ஒரு நசநசப்பு.
மார்க்கர் பேனாவை நீட்டிய பையன்
அம்மாவா, அப்பாவா என்றான்.
பக்கத்தில் ஒருத்தி மூன்று பெயர் எழுதி
நான்காவதற்கு இடமில்லாமல்
மணிக்கட்டில் எழுதிக்கொண்டாள்.

லோர்கன் எனக்கு யார்?
பதினொரு வருஷம் புருஷன்.
அப்புறம் ஒன்பது வருஷம்
ஒட்டுமில்லை, உறவுமில்லை.
அப்புறம் ஏழு மாதம், செவ்வாய்தோறும்,
என் காரின் இடப்பக்க இருக்கையில்
மடியில் பிளாஸ்டிக் வாளியோடு
கால்வே ஆஸ்பத்திரிக்கு மருந்தேற்றிக்கொள்ள வந்தவன்.

அடக்கத்தன்று முன்வரிசை சோர்காவுக்கு.
நியாயம்தான், அவள்தான் மனைவி.
நான் தூணுக்குப் பின்னால்
அவனிடம் டிராக்டர் வாங்கியவர்களோடு நின்றேன்.
‘நீங்களும் வந்தீர்களே’ என்றார் ஒருவர்.
அந்த ‘உம்’
இன்னும் தொண்டையில் நிற்கிறது.

புற்றுநோயை ஒழிக்க ஓட்டுகிறேன் என்றால் பொய்.
நான் திரட்டியது எழுநூற்றுப் பதினைந்து யூரோ.
அதில் நாற்பது, மீன்கடை ஃபெஸ்டஸ் பந்தயம் கட்டியது,
நான் லீனானைத் தாண்டமாட்டேன் என்று.
அதை வைத்துக்கொண்டு எதை ஒழிப்பது?

ரோடு எனக்குத் தெரியும், அதனால் வந்தேன்.
திரும்பும் வழியில் அவன் நிறுத்தச் சொன்ன இடங்களை
இன்று பின்னிருந்து முன்னாகக் கடந்தேன்.
எரிஃப் ஆற்றுப் பாலம்: கண்ணாடியை இறக்கு.
அப்புறம் பிசாசின் தாய் என்று பெயர் கொண்ட மலை.
அதைப் பார்க்கும்போதெல்லாம்
வாயைத் துடைத்துக்கொண்டு கேட்பான்,
‘உன் அம்மா சௌக்கியமா?’
ஒவ்வொரு செவ்வாயும். அந்த நிலைமையிலும்.
நானும் ஒவ்வொரு செவ்வாயும் சிரித்தேன்,
கல்யாண காலத்தில் அதற்குச் சண்டை போட்டவள்.

மாம் கிராஸில்
வாழைப்பழம் நறுக்கிக்கொண்டு நின்றவள் சோர்கா.
மஞ்சள் மேலங்கி, காதுவரை நனைந்த முடி.
தண்ணீர் பிடிக்கத் திரும்பினேன்,
முதுகைப் படித்துவிட்டாள்.
‘செவ்வாய்க்கிழமைகளுக்காக’
என்றுதான் எழுதியிருந்தேன்.

அவளுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை,
அதனால்தான் ஓட்டுவதற்கு நான்.
வழியில் என்ன பேசுவான் என்று கேட்டாள்.
பேசமாட்டான், ரேடியோதான் என்றேன்.
இன்னொரு பழத்தை உரித்தாள்.
உரித்ததை யாருக்கும் தரவில்லை.
அப்புறம் சொல்லிவிட்டேன்.
விடியுமுன் உன் வாசலில் கார் ஏறும்போது
ஏழு மாதமும் ஒரே வாக்கியம்,
‘கதவை மெல்லச் சாத்து, இப்போதுதான் படுத்திருப்பாள்.’
முட்டையை வைப்பதுபோல் சாத்தினேன்.

என்னோடு இருந்தபோது
கதவை அறையாமல் அவன் வெளியே போனதில்லை.
அதைச் சொல்லவில்லை.

கத்தியைக் கீழே வைத்தாள்.
‘எனக்குக் கேட்கும்’ என்றாள்.
‘ஒரு செவ்வாயும் தூங்கியதில்லை.
ஜன்னலுக்கு வந்தால் உங்கள் இருவரையும்
பார்க்க வேண்டியிருக்குமே என்று படுத்தே கிடந்தேன்.’
பின்னால் வரிசை நீண்டது.
யாரோ பெல் அடித்தார்கள்.
உரித்த பழத்தை என் கையில் வைத்தாள்.

ஊக்டரார்டுக்குக் கொஞ்சம் முன்னால்,
அவன் ஒருநாளும் நிறுத்தச் சொல்லாத இடத்தில்,
நின்றேன்.
செயின் கழன்றிருந்தது.
விரலெல்லாம் கிரீஸ், ஆட்டுப்புழுக்கை, ஈரக்கல்.
உதவி வேண்டுமா என்று
நிற்காமலே கத்திக்கொண்டு கடந்தார் ஒருவர்.
வேண்டாம் என்று நானும் கத்தினேன்.
கால்வேக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர்.
எதிர்க்காற்று.