பத்தாவது பிள்ளை

மூன்றாம் வகுப்பில் ஒன்பது பேர்.
பத்துக்குக் குறைந்தால் மாநில அறிக்கை
எண்ணைக் காட்டாது,
கட்டத்தில் ஒரு நட்சத்திரம் வைத்து மூடிவிடும்.
ஏழு வருடமாக எங்கள் மூன்றாம் வகுப்பு
நட்சத்திரம்தான்.

அலுவலகத்தில் நான் ஒருத்தி.
தொலைபேசி, காய்ச்சல் மானி, பேன் சீப்பு,
ஜோடி தொலைத்த கையுறைகளின் பெட்டி,
அப்புறம் இந்தக் கணக்கு.
நெப்ராஸ்காவின் மேற்கு ஓரம்,
காற்று கதவு தட்டாமல் உள்ளே வரும் ஊர்.
ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள்.
வெள்ளையர் நாற்பத்தொரு சதவீதம்,
ஹிஸ்பானியர் முப்பத்தெட்டு,
ஆசியர் பதினான்கு,
மிச்சம் நாலு பேரும் ‘மற்றவை’.
இலவச மதிய உணவு எழுபத்து நான்கு;
அந்தக் கட்டத்தில் மட்டும்
எல்லா நிறமும் கலந்து உட்காரும்.

ஹிஸ்பானியர் என்று குறியிட்டாள் பாஸ்குவாலின் அம்மா.
வீட்டில் பேசுவது ஸ்பானிஷ் இல்லை,
குவாத்தமாலா மலையின் மாம்.
மாமுக்குப் பெட்டி இல்லை.
பேனாவைத் திருப்பித் தரும்போது கேட்டாள்:
“எதை எழுதினால் உங்களுக்கு வேலை குறையும்?”
நான் பதில் சொல்லவில்லை.
ஸ்டேப்ளரைத் தேடினேன்.

மார்ச் பன்னிரண்டு. பனி சேறாகும் வாரம்.
பக்கக் கண்ணாடியை டேப்பால் ஒட்டிய வேனிலிருந்து
நியாடக் இறங்கினாள்.
அப்பாவுக்கு இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட்.
மூன்று மாநிலம், நாலு பள்ளி,
தடுப்பூசி அட்டை மட்டும் பத்திரமாக.
நான் ‘கறுப்பர்: 1’ என்று தட்டினேன்.
திரை அந்த ஒன்றையும் நட்சத்திரமாக்கியது.
ஆனால் மூன்றாம் வகுப்பு
பத்தாகிவிட்டது.

பத்துப் பேர் என்றால்
ஆளுக்குப் பத்து சதவீதம்.
ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால்
பத்து சதவீதம் இருமும்.
ஹோர்ன்பெக் இரட்டையர் சண்டையிட்டால்
இருபது சதவீதம் மண்ணில் புரளும்.

ஏப்ரலில் வாசிப்புத் தேர்வு.
நீர்நாய் அணை கட்டுவது பற்றி ஒரு பத்தி.
நியாடக் திரையில் விரல் வைத்துப் படித்தாள்,
முடித்து, மறுபடி முதலிலிருந்து.
நாலு முறை.
ஏன் என்று ஏவரில் வாத்தியார் பிறகு கேட்டதற்கு
“அணை நின்றதா என்று பார்த்தேன்” என்றாளாம்.
முப்பது கேள்வியில் ஆறுதான் தொட்டிருந்தாள்.
ஆறும் சரி.

அக்டோபரில் அறிக்கை வந்தது.
மூன்றாம் வகுப்பு, வாசிப்பு: நாற்பது.
நட்சத்திரம் இருந்த இடத்தில்
உடுப்பில்லாத ஓர் எண்.
வாரியக் கூட்டத்தில் போஸ்பிஷில்
தீவனக் கம்பெனித் தொப்பியைக் கழற்றாமல் கேட்டார்,
“எப்படி இவ்வளவு சரிந்தது?”
சரியவில்லை ஐயா, தெரிந்தது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் பேச்சு
முப்பத்தொரு மைல் தள்ளியிருக்கும் பள்ளியோடு
நம்மைச் சேர்ப்பதற்கும், பஸ் டீசலுக்கும் போய்விட்டது.
யாரோ கூரை ஒழுகலை நினைவூட்டினார்.

வேன் ஜூனிலேயே போய்விட்டிருந்தது.
அவளைப் பத்தாவதாக எண்ணிய வகுப்பில்
மறுபடி ஒன்பது பேர்,
அடுத்த வருடம் மறுபடி நட்சத்திரம்.
கூட்டம் முடிந்த மறுநாள்
அயோவாவிலிருந்து ஒரு பள்ளி
அவள் பதிவேட்டைக் கேட்டது.
வாசிப்பு நிலை: ‘எதிர்பார்ப்புக்குக் கீழ்’.
குறிப்பு எழுத இடம் கிடையாது.
ஓரத்தில் பேனாவால்
‘தொட்ட ஆறும் சரி’ என்று எழுதப் போனேன்.
எங்கள் ஃபேக்ஸ் ஓரங்களை விழுங்கும்.
பதினெட்டு வருடப் பழக்கம், எனக்குத் தெரியும்.

ஆகவே
கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதினேன்,
பிறந்த தேதியின் மேல் பாதி ஏறும்படி.