ஐந்தாவது படி

எங்கள் வீட்டு வாசலுக்கு ஐந்து படிகள்.
ஹென்னிங்கின் அப்பா கட்டியபோது ஒன்றுதான்.
வீடு வளரவில்லை.
பேனே ஆற்றங்கரையில், ஓக் மரத் தூண்கள் மேல்,
நின்ற இடத்திலேயே நிற்கிறது.
நிலம்தான்
சொல்லாமல் கொள்ளாமல்
கீழே போய்க்கொண்டிருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை
ஹென்னிங் சிமெண்ட் குழைப்பான்,
மட்டம் பார்ப்பான்,
அடியில் ஒரு படி சேர்ப்பான்.
வேலிக்கு வெள்ளையடிப்பதுபோல
அதுவும் ஒரு வேலை என்றே இருந்தோம்.

பம்ப் வந்த வருடம் எனக்கு எட்டு வயது.
கூட்டுறவுப் பண்ணை பேண்டு வாத்தியத்தோடு திறந்தது.
சதுப்பு வடிய வடியப் புல் வந்தது,
புல்லின் பின்னால் பால் வந்தது.
பசி தெரியாமல் வளர்ந்தோம்.
அதை நான் குறை சொல்ல மாட்டேன்.
அந்த முனகலைக் கேட்டுத்தான் உறங்கினேன்,
இரண்டு பிள்ளை பெற்றேன்.

மார்ச் மாதம் வீப்கே வந்தாள், நீர்வாரியத்திலிருந்து,
தோளில் ஒரு நீண்ட துளைகுழல்.
கால்வாய்க்கு அந்தப் பக்கம்,
மாடு இறங்கினால் புதையும் என்று
நாங்கள் கைவிட்ட மூலையில் அதை அழுத்தினாள்.
ஒரு மீட்டர். இரண்டு. நான்கு.
காலடியில் தரை
உறங்குபவன் வயிறுபோல் ஏறி இறங்கியது.
ஆறாவது மீட்டரில் திருகி எடுத்துத் திறந்தாள்.

கோரை. கோரைமேல் கோரை.
கொஞ்சம் பாசி, மறுபடி கோரை.
மக்கவில்லை.
தண்ணீர் மூடிப் பிடித்திருந்ததால்
சாகத் தெரியாமல் கிடந்தது எல்லாம்.
நடுவில் ஒரு பிர்ச் இலை.
பச்சை.

"ஏழாயிரம் வருடம் இருக்கும்" என்றாள்.
நான் குனிவதற்குள் பழுத்தது,
மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்குள்
கறுத்தது.
"காற்று பட்டுவிட்டது."
பிறகு எங்கள் மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

அன்றிரவு படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்:
நான்கு படி மண் எங்கே போயிற்று?
ஆறு கொண்டுபோகவில்லை.
யாரும் அள்ளி விற்கவில்லை.
அடுப்பில்லாமல், சுடரில்லாமல், புகைகூட இல்லாமல்
எரிந்து எரிந்து வானத்துக்குப் போயிருக்கிறது,
எங்கள் மாடுகள் அதன்மேல் படுத்து
அசைபோட்டபடி இருக்க.

கூட்டத்தில் டெட்லெஃப் மேசையைத் தட்டினான்.
"என் சோளத்துக்கு யார் பதில்?
நிலவறையில் தவளையா வளர்ப்பேன்?"
நியாயம்தான். அவன் கடன் எனக்குத் தெரியும்.
கையெழுத்துப் போடும்போது
அவன் பக்கம் நான் திரும்பவில்லை.
இன்றும் ரொட்டிக்கடையில்
வானிலையைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

பம்பை நிறுத்திய நாளில் வாத்தியம் ஏதுமில்லை.
இரண்டு பேர் வந்து
மதகில் பலகைகளை இறக்கிவிட்டுப் போனார்கள்.
அன்று இருவருக்கும் தூக்கம் வரவில்லை.
அமைதி காதில் இரைந்தது.

முதல் வருடம் நாறியது.
புல் அழுகி, குமிழி விட்டு,
ஜன்னல் திறக்க முடியவில்லை.
தப்பு செய்துவிட்டோமோ என்று
நான் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.
மறு வருடம் சம்பு எழுந்தது.
அதன் ஓரத்தில், பயந்தாற்போல், கோரை.

"வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும்" என்றாள் வீப்கே,
"அதுவும் மனசு வைத்தால்."
ஒரு படியைத் திரும்பப் பெற
நூற்றெழுபது வருடம்.
கொட்டகையில் மிச்சமிருந்த சிமெண்ட் மூட்டையை
ஹென்னிங் டெட்லெஃபுக்குக் கொடுத்தனுப்பினான்.
அது திரும்பி வரவில்லை.

ஏப்ரல் அந்தியில் எங்கோ ஆடு கத்தியது.
யார் வீட்டு ஆடு அவிழ்த்துக்கொண்டதோ என்று
ஹென்னிங் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினான்.
ஆடில்லை. உள்ளான்.
உயரத்திலிருந்து சரிந்து விழும்போது
வாலிறகில் காற்று அதிரும் ஒலி.
வானத்து ஆடு என்று எங்கள் பக்கம் அதற்குப் பெயர்.
ஐம்பது வருடமாய்
பெயர் மட்டும் இருந்தது.

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன்.
ஒரு காலில் செருப்பு,
மற்றது ஐந்தாவது படியின் ஈரத்தில்,
அண்ணாந்து நின்றுகொண்டிருந்தான்,
கையில் இன்னும் கரண்டியோடு.