இல்லை, காலி, கிடையாது

தெற்கு மாசி வீதியில் பேட்டரிக் கடைக்கு மேலே
ஒரு அறை, நாலு நாற்காலி, மூன்று பேர்.
பள்ளிப் பிள்ளைகளுக்கென்று
ஒரு நிரல்மொழி செய்துகொண்டிருந்தோம்.
இலக்கணம் வைகாசியில் முடிந்துவிட்டது.
பெயர்கள் கார்த்திகை வரை முடியவில்லை.

முதல் சண்டை 'மாறி'யோடு.
ஒருமுறை வைத்த மதிப்பு மாறவே கூடாதென்று
விதி எழுதியவன் குபேந்திரன்.
அப்புறம் அதற்கு எப்படி மாறி என்று பெயர்?
'மாறாத மாறி' என்றான்,
முகத்தில் சிரிப்பே இல்லாமல்.
கீழே யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள்.

ஷாகிரா சொன்னாள்:
பெயர் வைத்தவர்கள் பெயர்ந்து போய்விடுகிறார்கள்,
குடியிருப்பவர்கள்தான் அவதிப்படுகிறோம்.
புதுமண்டபத்துக்கு நானூறு வயசாகப் போகிறது,
இன்னும் புதுசு.
காளவாசலில் எந்தச் சூளையும் புகையக் காணோம்,
வண்டிகள்தான் புகைகின்றன.
வெளிவீதி ஊருக்கு உள்ளே வந்து எத்தனையோ காலம்.

அன்று சாயங்காலம் வேண்டுமென்றே
பத்துத்தூண் சந்துக்குள் போய் எண்ணினேன்.
துணிமூட்டைக்குப் பின்னால் மறைந்திருந்ததையும் சேர்த்து
பத்து.
பொய் சொல்லாத ஒரு பெயருக்கு முன்னால்
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

'சரம்' சுலபமாக வந்தது.
எழுத்தை எழுத்தோடு கோத்தால் சரம்,
இந்த ஊரில் அதற்கு விளக்கம் கேட்கிற பிள்ளை ஏது?
அதன் நீளத்துக்கு 'முழம்' என்று வைப்போமா என்றேன்.
யார் கை முழம் என்றாள் ஷாகிரா.
நீளம் நீளமாகவே இருந்துவிட்டது.

சிக்கியது, இல்லாததற்கு வைக்கிற பெயரில்.
சூனியம் என்றான் குபேந்திரன்.
அம்மாக்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்து நிற்பார்கள் என்றேன்.
நான் சொன்ன இன்மை
அவனுக்குக் கல்வெட்டு மாதிரி கேட்டது.
வெற்று என்று எழுதி அடித்து,
சுழியம் என்று எழுதி,
அது ஒரு எண் அல்லவா என்று அதையும் அடித்து,
பலகை முழுக்க அடித்த கோடுகள்.
மணி ஒன்பதரை. பசித்தது.

கீழவாசல் பக்கம் ஒரு புரோட்டாக் கடை.
பரிமாறுகிறவர் பெயர் சேவுகன்.
'சால்னா?'
'இன்னும் வரல, கொதிக்குது.'
'காடை?'
'காலி.'
'இட்லி?'
'அது இங்க கிடையாதுக்கா.'
'நேத்து வச்ச பாக்கி எவ்வளவு?'
'ஒண்ணும் இல்ல, அண்ணன் குடுத்துட்டாரே.'

புரோட்டாவைப் பிய்த்த கை பிய்த்தபடி நின்றது ஷாகிராவுக்கு.
வரவேண்டியது, வந்து தீர்ந்தது,
வர வழியே இல்லாதது,
கணக்குப் பார்த்து மிஞ்சிய சுழி.
நாலுக்கும் நாலு சொல்.
ஆறு மாதம் நாங்கள் தேடியதை
அவர் தண்ணீர் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

'வரல' கொச்சை என்றான் குபேந்திரன்.
'வரவில்லை' என்று ஏழாம் வகுப்பு விரல்கள்
ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடிக்கும் என்று கேட்டாள்.
அவன் அடித்துப் பார்த்தான். ஒத்துக்கொண்டான்.
மாறிக்குத்தான் இன்னும் பெயர் வரல.

தை மாதம், ஒத்தக்கடையில் ஒரு பள்ளி
(இப்போது எத்தனை கடை என்று கேட்காதீர்கள்).
அட்டவணை நிரப்பும் பயிற்சி:
பெயர், வகுப்பு, அம்மா, அப்பா.
மூன்றாவது கணினியில் பவித்ராதேவி
கடைசிக் கட்டத்தில் நின்றுவிட்டாள்.
பலகையில் நாங்கள் எழுதிப்போட்ட சொற்களை
ஒவ்வொன்றாகப் படித்தாள்.
'காலி'யில் கொஞ்சம் நின்றாள்.
'கிடையாது' என்று பாதி அடித்து, அழித்தாள்.
பிறகு, இரண்டு விரலால், மெதுவாக:
வரல.

குபேந்திரன் என்னைப் பார்த்தான்.
நான் திரையைப் பார்த்தேன்.
நிரல் ஓடி முடித்துச் சொன்னது:
பிழை எதுவும் இல்லை.