வாட்டம்

மாரிக்கு முன்னம் பீலி துப்புரவாக்க
ஆள் கேட்டு மூன்று கிழமை. "நாளைக்கு அக்கா."
ஏணியை நானே சாத்தினேன்,
ஒரு காலுக்குக் கீழே ஓட்டுத்துண்டு வைத்து.

வேப்பஞ்சருகு, போன வருசத்துச் சேறு,
அதற்குள் விரற்கடை உயர ஆலங்கன்று.
கையால் அள்ளி அள்ளி வாளியில் போட,
மூலையில்,
காகக்கூட்டுக் கம்பிகளோடு
ஒரு தேக்கரண்டி.
பிடியில் அன்னம் பொறித்தது.

ஆறில் ஒன்று குறைந்த அன்றைக்கு
சுகிர்தமலரை நான் கேட்ட கேள்வி!
பிறகு அவள் இந்தப் படலை திறக்கவில்லை.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்.
கிணற்றடிக்கு ஓடாமல் நடுவில் நின்றது.
வாட்டம் பிழை.
கிளிப்பைக் கழற்றி அரை அங்குலம் தாழ்த்தினேன்.
ஓடியது.

கைதடிக்கு முதல் பஸ் ஆறேகாலுக்கு.
கரண்டியைப் புளி போட்டு மினுக்கவில்லை.
சேற்றோடே
கடதாசியில் சுற்றியிருக்கிறேன்.