நாற்பத்தொரு எலுமிச்சை

வால்பரைசோ துறைமுகத்துக்கு மேலே
நான்காம் மாடி.
இடுப்பில் இருப்பது தூங்க விடாது.
விடியுமுன்பே ஓர்தென்சியா
ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துக்கொள்வாள்.

கிரேன் அடுத்துத் தூக்கும் பெட்டி என்ன நிறம்?
எதிர்மாடியில் முழங்கால் போன எவரிஸ்தோவுக்கு போன்.
தோற்றால் ஓர் எலுமிச்சை.
இதுவரை அவள் கடன் நாற்பத்தொன்று.

இன்று மூடுபனி.
கிரேனும் இல்லை, கடலும் இல்லை.
வலிக்குக் கொண்டாட்டம்,
குதிகால்வரை இறங்கி உலாவிற்று.

"சிவப்பு" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.
"நீலம்" என்றார் அவர், எதுவும் தெரியாமலே.
ரிசீவரில் கொஞ்சநேரம்
இரண்டு மூச்சு மட்டும்.

பனி விலகியபோது
அந்தரத்தில் தொங்கியது
பச்சை.

இப்போது யார் யாருக்குத் தருவது?
வழக்கு நீண்டு
எட்டு மணி மாத்திரை
எட்டே முக்காலுக்குத்தான் நினைவு வந்தது,
இடுப்பு சொல்லி.